வெயிலும் நோவும் உடற்பருமனும்

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளையை அடுத்து, நமுனுகுலை மலைச்சாரலிலே பரந்து கிடப்பது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம். ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் சிங்களப் பெயரைத் தாங்கிய அம்மலை 2,036 மீற்றர் உயரமுடையது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்த இப்பகுதியிலே ஆண்டு முழுவதும் நண்பகற் சூரியன் உயர்ந்தே நிற்கின்றான். ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும், ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த தனி மணம் கொழுந்தில் ஏறுகின்றது. இத்துணை வெயில் வளம் படைத்த நிலத்தில் வாழ்வோர் உடலிலே, வெயிலினால் விளையும் சத்தொன்று குறைவுபடலாம் என்று கூறின், கேட்போர் எளிதில் நம்பார். ஆயினும் அவ்வாறு குறைவுபடுதல் இயல்வதே என்பதை அண்மைக்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

உடல் முழுவதும் நெடுங்காலம் நோகும் நோயொன்று உண்டு. மேனாட்டு வைத்தியர் அதனைப் பைப்ரோமயால்ஜியா என்பர். அந்நோயால் வருந்துவோர் பலரிடத்தே விற்றமின் டி என்னும் உயிர்ச்சத்தின் குறைவும், உடலின் எடை கூடுதலும் ஒருங்கே காணப்படுகின்றன. மூன்றும் ஒருங்கே காணப்படுதலால், ஒன்றே மற்ற இரண்டுக்கும் மூலம் என்று கூறுவாரும், அவ்வொன்றைத் திருத்தினால் ஏனையவும் ஒழியும் என்று சொல்லி மருந்து விற்பாரும் உளர். இவற்றுள் எது காரணம், எது காரியம், எது உடனிகழ்ச்சி மாத்திரம் என்று பகுத்தறிதல் வேண்டும்.

இப்பகுப்பு வெறும் தருக்க விளையாட்டன்று. இருபது முப்பது ஆண்டுகள் மலையேறிக் கொழுந்து பறித்த பெண்ணொருத்தி, உடல் நோவினால் வேலைக்குச் செல்லமாட்டாது லயத்திலே தங்கிவிடுகின்றாள் என்று கொள்க. சில ஆண்டுகளில் அவள் உடல் பருக்கின்றது. 'சதை வைத்து நன்றாகத்தானே இருக்கிறாள்; இவளுக்கு என்ன நோய்?' என்று அயலார் பேசுவர். பருமனே நோவுக்குக் காரணம் என்றும், சோம்பலே பருமனுக்குக் காரணம் என்றும் அவர் முடிவுகட்டுவர். காரியத்தைக் காரணமாக மயங்கிய அம்முடிவினால், நோயின் துன்பத்தோடு பழியின் துன்பமும் அவளைச் சேர்கின்றது. ஆதலால், காரணத்தைச் செம்மையாக அறிதல் மருத்துவத்துக்கு மட்டுமன்றி நீதிக்கும் வேண்டப்படுவதாகும்.

நோவின் இயல்பு

பைப்ரோமயால்ஜியா என்பது, நார், தசை, நோவு எனப் பொருள்படும் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் கூடி அமைந்த பெயர். தமிழில் இதனை நார்த்தசைநோவு எனலாம். 1904ஆம் ஆண்டிலே இலண்டன் வைத்தியர் வில்லியம் கவர்ஸ் என்பார், இத்தகைய நோவு நாரிழையங்களின் அழற்சியால் உண்டாவது எனக் கருதி, அழற்சியைக் குறிக்கும் பெயரொன்றை இதற்கு இட்டார். பின்வந்தோர் இழையங்களை ஆராய்ந்து, அங்கே அழற்சி யாதும் காணாமையால் அப்பெயரைக் கைவிட்டனர். 1976ஆம் ஆண்டிலிருந்தே இப்போதைய பெயர் வழக்குக்கு வந்தது.

1990ஆம் ஆண்டிலே அமெரிக்க வாதநோய் வைத்தியர் கழகம் இந்நோயை அறிதற்கு ஓர் அளவுகோலை வகுத்தது. உடலின் பல பகுதிகளிலும் மூன்று திங்களுக்குக் குறையாது நோவு நிலைத்திருத்தலும், குறிக்கப்பட்ட 18 இடங்களுள் 11 இடங்களிலேனும் விரலால் அழுத்தும்போது நோதலும் அவ்வளவுகோலின் கூறுகள். 2010ஆம் ஆண்டில் அழுத்திப் பார்க்கும் முறை நீக்கப்பட்டு, நோவு பரவிய இடங்களின் தொகையோடு சோர்வு, ஆறுதல் தராத துயில், நினைவும் கவனமும் மங்குதல் என்பனவும் கணிக்கப்பட்டன. 2016இல் அது மீண்டும் திருத்தப்பட்டது. உலக மக்களுள் நூற்றுக்கு இருவர் முதல் நால்வர் வரை இந்நோயால் வருந்துவர் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களுள் பெண்களே மிகுதி.

இந்நோயாளரின் குருதியைச் சோதித்தாலும், கதிர்ப்படம் எடுத்தாலும் பெரும்பாலும் குறையொன்றும் தென்படாது. அதனாலேயே, 'இது மனப்பிராந்தி' என்று ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 2002ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் கிரேஸ்லி என்பாரும் அவர் துணைவரும் செய்த பரிசோதனை அவ்வழக்கத்தைத் தகர்த்தது. அவர்கள் நோயாளரின் கட்டைவிரல் நகத்தின்மேல் அளவிட்ட அழுத்தத்தைக் கொடுத்து, அவ்வேளையில் மூளையின் தொழிற்பாட்டைப் படம்பிடித்தனர். நோயற்றவருக்கு நோவே தராத மெல்லிய அழுத்தம், நோயாளரின் மூளையில் நோவை உணரும் பகுதிகளைக் கிளர்த்தியது. நோயற்றவரிடத்தே அதே கிளர்ச்சியைக் காண ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தம் வேண்டியிருந்தது. எனவே, கேடு தசையிலன்று, நோவுச் செய்தியை வாங்கி அளவிடும் நரம்புத் தொகுதியில் உள்ளது என்பது புலனாயிற்று. வானொலிப் பெட்டியின் ஒலி மட்டம் மிகக் கூட்டி வைக்கப்பட்டிருந்தால் மெல்லிய குரலும் கூச்சலாகக் கேட்பது போன்றது இது. நோவு பொய்யன்று, மெய்யே.

துயிலுக்கும் இந்நோவுக்கும் உள்ள உறவும் குறிக்கத்தக்கது. கனடாவிலே மொல்டொவ்ஸ்கி என்பார் 1975இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயற்றோரை ஆழ்ந்த துயிலின் கட்டத்தை அடையவிடாது இடையிடையே கலைத்தபோது, அவர்களுக்கும் தசைநோவும் சோர்வும் உண்டாயின. ஆழ்ந்த துயிலின்மை நோவை வளர்க்க, நோவு துயிலைக் கெடுக்கின்றது.

வெயிற் சத்தின் வரலாறு

இனி, விற்றமின் டி என்பதன் இயல்பு ஆராயத்தக்கது. ஏனைய உயிர்ச்சத்துக்களைப் போன்று இது பெரும்பாலும் உணவால் வருவதன்று. தோலிலே இயல்பாக அமைந்துள்ள கொலத்தரோல் இனப்பொருளொன்றின்மேல், சூரிய ஒளியின் ஊதாக்கடந்த கதிர்களுள் ஒரு சாரார் படும்போது இது பிறக்கின்றது. பின்னர் ஈரலிலே ஒரு மாற்றமும், சிறுநீரகத்திலே மற்றொரு மாற்றமும் பெற்று, ஓர் ஓமோனைப் போன்று தொழிற்படுகின்றது. உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் உறிஞ்சுதற்கு இது இன்றியமையாதது. இது குறைந்தால் குழந்தைகளின் என்புகள் வளையும். அதனை ரிக்கெற்சு என்பர். வளர்ந்தோரின் என்புகளோ வன்மை இழந்து மென்மையுறும்.

1919ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் எட்வேட் மெலன்பி நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெற்சு உண்டாக்கி, அதனை மீனெண்ணெயால் தடுத்துக் காட்டினார். அதே ஆண்டில் பேர்லின் நகரத்து வைத்தியர் ஹுல்ட்ஷின்ஸ்கி, ஊதாக்கடந்த கதிர் வீசும் விளக்கொளியால் அந்நோயைத் தீர்த்தார். எண்ணெய்க்கும் ஒளிக்கும் யாது தொடர்பு என்ற புதிரை அவிழ்க்கச் சில ஆண்டுகள் சென்றன. 1922இல் மக்கொலம் என்னும் அமெரிக்க அறிஞர் மீனெண்ணெயிலுள்ள இச்சத்தைப் பிற சத்துக்களினின்றும் வேறுபிரித்தறிந்தார். 1928ஆம் ஆண்டின் வேதியியல் நொபெல் பரிசு, இச்சத்தின் தாய்ப்பொருள்களை ஆராய்ந்த ஜேர்மானிய அறிஞர் அடொல்வ் விண்டவுசுக்கு வழங்கப்பட்டது.

வெயில் நாட்டிலும் இக்குறை உண்டாகும் என்பது இந்தியாவிலேயே முதன்முதல் நன்கு விளங்கிற்று. 1922ஆம் ஆண்டிலே ஹட்சிசன், ஷா என்னும் வைத்தியர் இருவர், பம்பாய் மாகாணத்தில் தாம் கண்டவற்றை வெளியிட்டனர். நல்லுணவு உண்டும், வழக்கம் காரணமாக வெளியே வாராது வீட்டினுள் அடைபட்டிருந்த செல்வர் வீட்டுப் பெண்களிடத்தும் குழந்தைகளிடத்தும் என்பு நோய் காணப்பட்டது. எளிய உணவு உண்டு வயல்வெளியில் உழைத்தோர் அந்நோயின்றி இருந்தனர். சூரியன் நாட்டில் காய்தல் மட்டும் போதாது. அவன் கதிர் மேனியிற் படுதலும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

கதிர் படுதற்கும் சில நியதிகள் உள. காலை இளவெயிலும் மாலை வெயிலும் உடலுக்கு இதமானவை. ஆயின், அவ்வேளைகளில் கதிர்கள் சாய்ந்து நெடுந்தூரம் காற்று மண்டலத்தை ஊடறுத்து வருதலால், வேண்டிய ஊதாக்கடந்த கதிர்கள் வழியிலேயே உறிஞ்சப்படுகின்றன. ஒருவருடைய நிழல் அவருடைய உயரத்திலும் குறுகியிருக்கும் வேளையே விற்றமின் டி நன்கு பிறக்கும் வேளை. இலங்கையில் அது ஏறத்தாழ முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையாகும். கண்ணாடிச் சாளரத்தின் ஊடாக வரும் வெயில் வெம்மையைத் தருமேயன்றி இச்சத்தைத் தராது. கருநிறத் தோல் கதிர்களைத் தடுத்து உடலைக் காப்பதாகலின், வெண்ணிறத் தோலினும் நெடுநேரம் வெயிலை வேண்டி நிற்கும்.

மலைநாட்டில் நேரும் குறை

இந்நியதிகளை ஸ்பிரிங்வெளி போன்ற தோட்டங்களின் வாழ்க்கையோடு பொருத்தி நோக்குதல் வேண்டும். உயரம் மிகுந்தோறும் ஊதாக்கடந்த கதிர்களின் வன்மை கூடும். 1,000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும் என்பர். ஆகவே மலைநாட்டு வெயில் வலிமை குன்றியதன்று. ஆயின், ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையும் முகிலும் கொணர்கின்றது. மூடுபனி மலைகளை நெடுநேரம் போர்த்துகின்றது.

பெரட்டுக்களத்திலிருந்து மலைக்குச் செல்லும் பெண், தலையைத் துணியால் மூடி, அதன்மேல் கூடைக் கயிற்றைத் தாங்குகின்றாள். தேயிலைச் செடியின் கீறலும் குளிரும் அட்டையும் அஞ்சி நீண்ட கைச்சட்டை அணிந்து, இடையிலே படங்கு கட்டுகின்றாள். முகமும் கைகளும் மாத்திரமே வெயிலுக்குத் திறந்துள்ளன. உடலின் மேற்பரப்பில் அவை பத்தில் ஒரு பங்கு அளவினவே. எனினும், நாள்தோறும் நெடுநேரம் வெளியே நிற்றலால் அவளுக்கு ஓரளவு வெயிற் சத்துக் கிடைக்கின்றது. அவள் வேலையை விட்டு லயத்துக் காம்பிராவினுள் ஒதுங்கும் நாள் தொட்டு அதுவும் குறைகின்றது. மலையகத்து இளம்பெண்கள் பலர் இக்காலத்தில் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், கொழும்பிலுள்ள கடைகளுக்கும் வீடுகளுக்கும், மேற்காசிய நாடுகளுக்கும் பணிக்குச் செல்கின்றனர். அவர்கள் காலையில் உள்ளே புகுந்து மாலையில் வெளியே வருவோர். நிழல் குறுகிய வேளையின் வெயிலை அவர்கள் காண்பதில்லை.

உணவும் இக்குறையை ஈடுசெய்வதில்லை. கோதுமை மா ரொட்டியிலும் தேங்காய்ச் சம்பலிலும் பருப்பிலும் கீரையிலும் விற்றமின் டி இல்லையென்றே சொல்லலாம். சாளை, கும்பளா முதலிய கொழுப்பு மீன்களிலும், அவ்வகை மீன்களை அடைத்த டின்மீனிலும் அது கணிசமாக உண்டு. முட்டை மஞ்சட்கருவிலே சிறிது உண்டு. மரக்கறி உணவினர்க்கு வெயிலில் உலர்த்திய காளானையும், இச்சத்துச் சேர்த்து விற்கப்படும் பால்மாவையும் அன்றி வழி அரிது.

வெயிலின் பங்கை எடுத்துக்காட்டும் ஆராய்ச்சியொன்று 2008ஆம் ஆண்டிலே வெளிவந்தது. நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் குடியேறிய இலங்கையரையும், கண்டியில் வாழும் இலங்கையரையும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டனர். நோர்வே வாழ் இலங்கையருள் பெரும்பாலோர் தமிழர் என்பது யாவரும் அறிந்ததே. குருதியில் விற்றமின் டியின் சராசரி அளவு, கண்டியில் இலீற்றருக்கு 54 நனோமோல் அளவிலும், ஒஸ்லோவில் 32 நனோமோல் அளவிலும் இருந்தது. ஒரே நாட்டவராயினும், 60 பாகை வடக்கே சென்று குடியேறியதும் சத்து ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு குறைந்திருந்தது. அதனோடு மற்றோர் உண்மையும் அங்கு உண்டு. 50 நனோமோல் என்பதே என்பு நலத்துக்குப் போதிய அளவென்று 2011இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வகுத்தது. கண்டியின் சராசரியே அவ்வெல்லையைச் சற்றே கடந்து நிற்றலால், வெயில் நாட்டிலேயே பலர் குறைவுற்றிருந்தமை தெளிவு. 2013இல் காலிப் பகுதியில் 20 முதல் 40 வயது வரையுள்ள, நோயற்ற பெண்களை ஆராய்ந்தோரும் அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடத்தே இக்குறையைக் கண்டனர்.

காகமும் பனம்பழமும்

நார்த்தசைநோவு உடையோரிடத்தே விற்றமின் டி குறைந்திருப்பதாகப் பல நாட்டு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அதனால் அக்குறைவே அந்நோயை உண்டாக்கிற்று என்று துணியலாமோ எனின், ஆகாது. காகம் அமரப் பனம்பழம் வீழ்ந்ததைக் கண்டு, காகமே பழத்தை வீழ்த்தியது என்று கொள்வதைத் தருக்க நூலார் காகதாலீய நியாயம் என்பர். நோவுடையோர் வெளியே செல்வதைக் குறைப்பர். வெளியே செல்லாதார்க்கு வெயிற் சத்துக் குறையும். எனவே, குறைவு நோவின் காரணமாகவும் இருக்கலாம், காரியமாகவும் இருக்கலாம்.

உடலின் எடைக்கும் இச்சத்துக்கும் இடையேயுள்ள உறவில் இவ்வையம் தீர்க்கப்பட்டுள்ளது. பருத்த உடலினரிடத்தே விற்றமின் டி குறைவாயிருப்பது பலகாலமாக அறியப்பட்டதே. குறைவினால் பருமனா, பருமனால் குறைவா என்பதே வினா. 2013ஆம் ஆண்டிலே விமலேஸ்வரன் என்னும் அறிஞரும் அவர் துணைவரும், 42,000 மக்களின் மரபணு விவரங்களைத் திரட்டி இதற்கு விடை கண்டனர். பிறப்பிலேயே அமைந்த மரபணுக்கள் வாழ்க்கை முறையால் மாறுவன அல்ல. ஆதலின் அவற்றைக் கொண்டு காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறியலாம். பருமனை உண்டாக்கும் மரபணுக்களை உடையோரிடத்தே விற்றமின் டி குறைந்திருந்தது. விற்றமின் டியைக் குறைக்கும் மரபணுக்களை உடையோரிடத்தே பருமன் காணப்படவில்லை. உயரத்துக்கேற்ற எடைச் சுட்டெண் 10 விழுக்காடு ஏறினால், குருதியிலுள்ள இச்சத்து 4 விழுக்காடு இறங்கும் என்றும் அவர்கள் கணித்தனர். ஆகவே பருமனே காரணம், குறைவு காரியம்.

இதன் வழியும் விளங்கியுள்ளது. விற்றமின் டி கொழுப்பிற் கரையும் பொருள். கொழுப்பு மிகுந்த உடலிலே அது கொழுப்பினுள் பரவித் தங்கிவிட, குருதிக்கு வருவது குறைகின்றது. ஒரு கைப்பிடி உப்பைச் சிறு சட்டியில் இட்டால் கரிக்கும். பெரிய கிடாரத்தில் இட்டால் தெரியாது. 2000ஆம் ஆண்டிலே வோட்ஸ்மன் என்பாரும் அவர் துணைவரும், பருத்தோர்க்கும் பருமனற்றோர்க்கும் ஒரே அளவான ஊதாக்கடந்த ஒளியைச் செலுத்திப் பார்த்தனர். பருத்தோரின் தோலிலே மூலப்பொருள் குறைவின்றி இருந்தும், குருதியிலே ஏறிய விற்றமின் டி மற்றவரிலும் 57 விழுக்காடு குறைவாகவே இருந்தது. விற்றமின் டியை உட்கொண்டால் உடல் மெலியும் என்ற விளம்பரத்துக்கு இதனால் ஆதாரம் இல்லையாகின்றது. அதனை உட்கொண்டு நிகழ்ந்த பரிசோதனைகளும் எடை குறைந்ததைக் காட்டவில்லை.

வித்தும் மரமும்

அங்ஙனமாயின், நோவுற்றோரின் எடை எதனாற் கூடுகின்றது? முதலாவது, அசைவு குறைதல். மலையேறிக் கொழுந்து பறிக்கும் உழைப்பு பேருழைப்பு. அவ்வுழைப்பு நின்ற பின்னரும் அதற்கேற்ற ரொட்டியும் சீனி கலந்த தேநீரும் தொடர்ந்தால், மிச்சம் கொழுப்பாகச் சேரும். இரண்டாவது, துயிற்கேடு. துயில் குறைந்தால் பசியைத் தூண்டும் ஓமோன் கூடும் என்றும், பசியை அடக்கும் ஓமோன் குறையும் என்றும் 2004இல் வெளியான பரிசோதனைகள் காட்டின. மூன்றாவது, மருந்து. நோவையும் துயிலின்மையையும் தணிக்க வழங்கப்படும் அமிற்றிப்டிலின், பிரிகபலின் ஆகிய மருந்துகள் சிலர்க்கு எடையைக் கூட்டுவன. இம்மூன்றனுள் ஒன்றேனும் சோம்பல் என்னும் பெயர்க்கு உரியதன்று.

கூடிய எடை தன் பங்குக்கு நோவை வளர்க்கின்றது. மூட்டுக்களின் சுமை ஏறுகின்றது. கொழுப்பிழையம் அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றது. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுகின்றது. நோர்வே நாட்டிலே ஏறத்தாழ 16,000 பெண்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி, எடை மிகுந்தோர்க்குப் பிற்காலத்தில் நார்த்தசைநோவு வரும் வாய்ப்பு 60 முதல் 70 விழுக்காடு மிகுதி எனக் கண்டது. எகிப்து நாட்டிலே 2012இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், இந்நோயோடு பருமனும் உடையோர் எடையைக் குறைத்தபோது, அவர்தம் நோவும் துயிலும் சீர்பட்டன.

வித்திலிருந்து மரமும் மரத்திலிருந்து வித்தும் தோன்றுவது போன்று, நோவினால் பருமனும் பருமனால் நோவும் மாறிமாறி வளர்கின்றன. விற்றமின் டியின் குறைவு இவ்வட்டத்தை உண்டாக்கிய முதல் வித்தன்று. வெயிலை இழந்ததாலும் கொழுப்பு மிகுந்ததாலும் இடையிலே வந்து சேர்வது. எனினும், வந்து சேர்ந்தபின் தசையின் வலிமையைக் குன்றச் செய்து அசைவை மேலும் குறைத்தலால், அதனைப் புறக்கணித்தலும் தகாது.

ஒன்றுபோலத் தோன்றும் வேறு நோய்கள்

குருதியிலே இச்சத்தைச் சோதிப்பதன் தலையாய பயன் வேறொன்று. விற்றமின் டி மிகக் குறைந்ததால் உண்டாகும் என்பு மென்மையும் உடல் முழுவதும் நோவைத் தருவதே. அது நார்த்தசைநோவு எனத் தவறாகக் கொள்ளப்படுதல் உண்டு. என்பு மென்மையுற்றோர்க்குக் கணைக்கால் என்பையோ நெஞ்சென்பையோ அழுத்தினால் நோகும். தொடையும் இடுப்பும் வலிமை இழத்தலால், அடுப்படியில் குந்தியிருந்தவர் கையூன்றாது எழமாட்டார், படியேறுதல் அரிதாகும், நடை பக்கத்துக்குப் பக்கம் அசையும். குருதியில் அல்கலைன் பொஸ்பற்றேசு என்னும் நொதியம் பெரும்பாலும் மிகுந்திருக்கும். நார்த்தசைநோவு மட்டும் உடையோரிடத்தே அது மிகுவதில்லை. ஒன்று சத்தை நிரப்பினால் தீரும் நோய். மற்றையது அங்ஙனம் தீராதது. தீரும் நோயைத் தீராததென்று எண்ணி ஒருவர் ஆண்டுக்கணக்கில் நொந்திருத்தல் பெருங்கொடுமை.

தைரொயிட்டுச் சுரப்பி மந்தித்தாலும் எடை கூடும், உடல் நோகும், சோர்வு மிகும். தோட்டப்புறப் பெண்களிடையே நெடுங்காலமாக நிலவும் இரத்தச்சோகையும் சோர்வைத் தரும். இவை எளிய சோதனைகளால் அறியத்தக்கவை, மருந்துக்கு இசைபவை. ஆதலின், தோட்டத்து வைத்தியசாலையில் நோவு மாத்திரை பெற்றுத் திரும்புவதோடு அமையாது, நோவு மூன்று திங்களைக் கடந்தால் பதுளை வைத்தியசாலை போன்ற இடத்திலே இவற்றைச் சோதித்தறிதல் நன்று.

செய்யத்தக்கன

நோயற்றோர் யாவரும் விற்றமின் டியைச் சோதித்தல் வேண்டுவதில்லை என்று அமெரிக்க அகஞ்சுரப்பியியற் சங்கம் 2024இல் அறிவுறுத்தியது. நோவும் தசைத் தளர்ச்சியும் உடையோர் நிலை வேறு. அவர்களிடத்தே குறைவு காணின் வைத்தியர் அதனை நிரப்புவர். 70 வயது வரையுள்ள வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகும், அதற்கு மேற்பட்டோர்க்கு 800 அலகும் போதும் என்பது 2011ஆம் ஆண்டின் பரிந்துரை. பருத்த உடலினர்க்குக் குறைவை நிரப்ப இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும். ஆயினும், வைத்தியர் கண்காணிப்பின்றி நாள்தோறும் 4,000 அலகைக் கடத்தலாகாது. அளவு மிகின் குருதியிலே கல்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நோவைத் தணிக்கும் மருந்து எடையைக் கூட்டுவதாக ஐயுற்றாலும், அதனைத் தாமாகவே நிறுத்தாது வைத்தியரிடம் கூறி மாற்றம் பெறுதல் வேண்டும்.

சத்தை நிரப்பினால் நார்த்தசைநோவு தணியுமா என்பதற்கு விடை அளவானது. ஒஸ்திரியாவிலே 2014இல் வெளியான ஆராய்ச்சியில், சத்துக் குறைந்த 30 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு விற்றமின் டியும், மறு பிரிவினர்க்கு வெறும் மாத்திரையும் கொடுத்தனர். சத்துப் பெற்றோரின் நோவு ஓரளவு தணிந்தது. அமெரிக்காவில் 2008இல் வெளியான வேறோர் ஆராய்ச்சி அத்தகைய பயனைக் காணவில்லை. குறைவுள்ளோர்க்கு நிரப்புதல் நன்மை. குறைவில்லாதார்க்கு மேலும் ஊட்டுதல் வீண்.

வட்டத்தை உடைக்க வல்லதாக ஆராய்ச்சிகள் ஒருமுகமாகக் காட்டுவது மிதமான உடலசைவே. ஐரோப்பிய வாதநோய்க் கழகம் 2016இல் திருத்தி அடுத்த ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகளுள், வலுவான ஆதரவு பெற்றது உடற்பயிற்சி ஒன்றே. ஆயின், இது பழைய மலை வேலைக்கு மீண்டும் அனுப்புவதன்று. முதல் நாளிலேயே மிகச் செய்தால் அடுத்த நாள்களில் நோவு பெருகி, முயற்சியே கைவிடப்படும். லயத்து வாசலிலிருந்து பீலிக்கரை வரை நடத்தல், சில நாள் கழித்து அதனினும் சற்றுத் தொலைவு நடத்தல் என மெல்ல மெல்ல ஏற்றுதலே முறை. அந்நடையை முற்பகல் 10 மணிக்குப்பின், தோல் கன்றாத அளவுக்குக் கைகளிலும் கால்களிலும் வெயில் படுமாறு அமைத்துக்கொண்டால், அசைவும் வெயிற் சத்தும் ஒருசேரக் கிட்டும். சீனியைக் குறைத்த தேநீரும், ரொட்டி ஒன்றைக் குறைத்து அதற்கு ஈடாகக் கீரையும் பருப்பும், மீனுண்பார்க்குக் கருவாடன்றிச் சாளையும் டின்மீனும் சேர்ந்த உணவும் அதற்குத் துணையாகும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் குடும்பத்தார் செய்யவேண்டுவது ஒன்றுண்டு. அது, நோகின்றது என்று சொல்பவரை நம்புதல். நம்பப்படாதவர் தம் நோவை மெய்ப்பிப்பதிலேயே வலிமையெல்லாம் இழப்பர். நடக்கவும் முயலார், வைத்தியரை நாடவும் நாணுவர். நம்பப்பட்டவரோ, 'இன்று இவ்வளவு இயலும், இவ்வளவு இயலாது' என்று ஒளிவின்றிக் கூறி, இயன்றதைச் செய்வர். தோட்டங்களிலிருந்து கல்லூரிகளுக்கு வந்து பயிலும் மாணவர் தொகை பெருகியுள்ள இக்காலத்தில், அவர்கள் விடுமுறைக்கு வீடு செல்லுமிடத்து இச்செய்திகளைத் தாயர்க்கும் பாட்டிமார்க்கும் எடுத்துரைத்தல் நற்பணியாகும். வேலையை விட்டபின் பருத்துவிட்ட உடலைக் கண்டு நகைக்கும் அயலார்க்கு, அப்பருமன் நோவின் குற்றவாளியன்று, பெரும்பாலும் அதன் விளைவே என்று விளக்குதலும் அப்பணியின் ஒரு கூறேயாகும்.